உருவும் சூழலும்

சி மொழியில் எழுதிய மூலநிரலில் எத்தனை மாறிகள் அறிவிக்கப்பட்டுள்ளன என்று எண்ண முற்படும் ஆய்வு மாணவர் முதலில் நாடுவது ரெகுலர் எக்ஸ்பிரஷனை. ‘இன்ட்’ என்ற சொல், ஓர் இடைவெளி, ஒரு பெயர், ஓர் அரைப்புள்ளி: இவ்வளவே அவர் எழுதும் தேடுவடிவம். தொடக்கத்தில் அது பிழையின்றி இயங்குவதாகவே தோன்றும். பின்னர் ஒரே வரியில் காற்புள்ளியிட்டு மூன்று மாறிகள் வரும். அவற்றுள் ஒன்றும் அகப்படாது. குறிப்புரைக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய அறிவிப்போ எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

இவற்றை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாம். ஒட்டுக்கு அடங்காத இடம் ஒன்றுண்டு. ‘டி * எக்ஸ்;’ என்ற வரியில் ‘டி’ முன்னரே டைப்டெஃப் வழியாக வகைப்பெயர் ஆகியிருந்தால், அது எக்ஸ் என்னும் பாயின்டரின் அறிவிப்பு. ‘டி’ ஒரு மாறியாயின், அது வெறும் பெருக்கல். இரண்டிற்கும் எழுத்துரு ஒன்றே. ‘படி’ என்பது மாடிப்படியா, அளக்கும் படியா, படிக்கச் சொல்லும் ஏவலா என்பதை அச்சொல்லை மட்டும் பார்த்து எவரும் கூறவியலாது, இதுவும் அத்தகையதே.

ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு அடித்தளமிட்ட க்ளீனியின் கட்டுரை அச்சில் வந்தது 1956இல். வரம்புற்ற நிலைகளையுடைய பொறி ஆங்கிலத் தொடரமைப்புக்குப் போதாது என்று சோம்ஸ்கி வாதிட்டதும் அதே ஆண்டில்தான். மொழியியல் மாணவர் இதைத் தேர்வுக்குப் படிக்கிறார். அட்டவணை நிரப்பும்போது மறந்துவிடுகிறார்.

தேடுவடிவத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால், சில கோப்புகளையேனும் கையால் எண்ணி ஒப்பிட்டு, பிழையின் அளவையும் ஆய்வேட்டில் சேர்த்தெழுதுவது கடமை. இல்லையேல் அட்டவணையில் நிற்பது, மாறியறிவிப்பைப் போலத் தோன்றிய வரிகளின் எண்ணிக்கையே.