விலாங்கு வளர்த்த மண்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் தென்மேற்கில் புட்ஜ் பிம் எரிமலை. அதன் குழம்பு உறைந்த கற்பரப்பில் குண்டிச்மாரா என்னும் பூர்வகுடி மக்கள் வாய்க்கால் வெட்டி, கல்லணை கட்டி, விலாங்கு மீன் வளர்த்தார்கள். சுமார் 6,600 ஆண்டுப் பழமை! யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது 2019இல்தான்.

படைப்புக் காலத்து முன்னோர் ஒருவர் அந்த மலையாகத் தம்மை வெளிப்படுத்தினார் என்பது அந்த மக்களின் கதை. பிள்ளைகள் இதைப் பாடநூலில் படித்தால் மட்டும் போதாது. அந்த மண்ணின் மூத்தோரே வகுப்புக்கு வந்து சொல்ல வேண்டும். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற முடிவும் அவர்களுடையதே. பள்ளி அதற்கு உரிய ஊதியமும் தர வேண்டும்.

மெல்பர்னில் வாழும் நம் தமிழ்ப் பெற்றோரே, உங்கள் பிள்ளையின் பள்ளி எந்த மக்களின் நிலத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். என் மகளின் பள்ளியில் நானும் கேட்டிருக்கிறேன்.