மேடு தெரியாத பாதை

துவிச்சக்கர வண்டி மிதிப்பவரிடம் பூமி எதையும் மறைப்பதில்லை. மோட்டார் வண்டியிற் செல்வோர் உணராத மேட்டை அவருடைய முழங்கால் உணரும். கண்ணுக்குச் சமதரையாகத் தோன்றும் தெருவிலும் ஏற்றம் எது, இறக்கம் எது என்பதை மூச்சே சொல்லிவிடும். ஆகவேதான், அலெகெனி என்னும் மலைத்தொடரைக் குறுக்கே கடந்து செல்லும் 335 மைல் பாதையொன்றில் நாங்கள் இருவரும் பத்து நாட்கள் வண்டி மிதித்தபோது, 'மலை எங்கே போயிற்று?' என்ற கேள்வி எங்கள் கூடவே வந்தது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பேர்க் நகரில் தொடங்குகிறது அப்பாதை. அங்கிருந்து மேரிலாந்து மாநிலத்துக் கம்பர்லாந்து வரை 150 மைல். பெரும்பாலும் கைவிடப்பட்ட புகையிரதப் பாதை இது. தண்டவாளங்களை அகற்றிப் பொடிக்கல் பரப்பி, 'கிரேட் அலெகெனி பாசேஜ்' எனப் பெயரிட்டிருக்கிறார்கள். கம்பர்லாந்திலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை இன்னும் 184.5 மைல். இது செசப்பீக் – ஒகாயோ கால்வாயின் கரை. படகுகளைக் கயிறு கட்டி இழுத்த கோவேறு கழுதைகள் நடந்த தடத்தில் இன்று துவிச்சக்கர வண்டிகள் ஓடுகின்றன. நாங்கள் சென்றது ஒக்டோபர் மாதம். இருமருங்கும் மரங்கள் செம்மையும் மஞ்சளுமாய்க் கனன்றுகொண்டிருந்தன. பக்கத்தே ஆறு, தலைக்கு மேல் இலைப்பந்தல், காலடியில் சருகின் சலசலப்பு. அழகுக்கு ஒரு குறைவும் இல்லை.

1990களின் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்குத் துவிச்சக்கர வண்டி புதியதன்று. எரிபொருள் தடைப்பட்டிருந்த அக்காலத்தில் விறகும் நெல்மூட்டையும் நோயாளியும், இடம்பெயர்ந்தோரின் தட்டுமுட்டுச் சாமான்களும் அதிலேதான் சென்றன. இன்பத்துக்காக அதை மிதிப்பதுதான் புதிது. சுமையோடு பழகியவர்களுக்குச் சுமையே தெரியாத பாதை சிறிது ஐயத்தைத் தரும். இந்த இலேசு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும்.

பிட்ஸ்பேர்க்கை விட்டு மொனொங்ககேலா ஆற்றோரமாகச் சில மைல் சென்றதும் ஹோம்ஸ்ரெட் என்ற ஊர் வருகிறது. அங்கே இன்று பெரியதொரு கடைத்தொகுதி இருக்கிறது. அதன் ஓரத்தில் உயரமான புகைபோக்கிகள் சில வரிசையாக நிற்கின்றன. 1986இல் மூடப்பட்ட உருக்காலையின் மிச்சம் அவை. 1892 யூலை 6ஆந் திகதி, கார்னெகி கம்பனியார் கதவடைப்புச் செய்த அவ்வாலைக்கு, கூலிக்கு அமர்த்திய ஆயுதக் காவலர் முந்நூறு பேர் படகுகளில் வந்திறங்கினர். தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் ஆற்றங்கரையில் அவர்களை எதிர்த்து நின்றனர். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அன்று காவலர் சரணடைந்தனர். ஆனால், பின்னர் மாநிலப் படை வந்தது, தொழிற்சங்கம் முறிந்தது. அச்சம்பவம் நிகழ்ந்த இடத்தில் பழைய நீரிறைக்கும் கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதன் அருகே வண்டிகளைச் சாத்திவைத்துவிட்டு நாங்கள் தண்ணீர் குடித்தோம். நதி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து யொக்கியோகெனி ஆற்றின் கரை. வான் மீற்றர் என்னும் சிறிய ஊரின் பக்கத்தே பாதை செல்கிறது. அங்கிருந்த டார் நிலக்கரிச் சுரங்கத்தில் 1907 டிசம்பர் 19ஆந் திகதி நிகழ்ந்த வெடிப்பில் 239 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் ஹங்கேரியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அதே மாதம் 6ஆந் திகதி மேற்கு வேர்ஜினியாவின் மொனொங்கா சுரங்கத்தில் மாண்டவர்கள், அதிகாரபூர்வமான கணக்கின்படி, 362 பேர். இத்தகைய சாவுகள் அடுக்கடுக்காய் நிகழ்ந்த பின்னரே, 1910இல், சுரங்கப் பாதுகாப்பை ஆராயும் மத்திய அரசுப் பணியகம் ஒன்று தோன்றியது. இம்மலைச்சாரலிலே புகையிரதப் பாதைகள் நெருங்கி எழுந்ததற்குக் காரணம் அந்நிலக்கரிதான். காட்சி காண்பதற்காக எவரும் இங்கு தண்டவாளம் போடவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து பாதை மலைக்குள் ஏறத் தொடங்கிற்று. ஏறுகிறது என்பதைக் கணக்கைப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. நூறு அடி தூரத்துக்கு இரண்டடி உயர்வுகூட இல்லை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சில்லு செங்குத்தாக ஏறாது, வழுக்கும். ஆகவே புகையிரதம் செல்ல வேண்டுமானால் மலைதான் வழிவிட வேண்டும். குன்றை வெட்டினார்கள், பள்ளத்தாக்கின் மேல் 1,908 அடி நீளத்தில் பாலம் கட்டினார்கள், பிக் சவேஜ் மலையை 3,294 அடி நீளத்துக்குக் குடைந்தார்கள். 1912இல் நிறைவேறிய வேலை இது. கடல்மட்டத்திலிருந்து 2,392 அடி உயரத்தில் நீர்பிரி மேடு வருகிறது. அதற்கு அப்பால் விழும் மழை மெக்சிக்கோ வளைகுடாவுக்கும், இப்பால் விழும் மழை அத்திலாந்திக் கடலுக்கும் போய்ச் சேரும். அங்கிருந்து கம்பர்லாந்து வரை 24 மைல் ஒரே இறக்கம். மிதிக்காமலே வண்டிகள் ஓடின.

"இஞ்சருங்கோ, நாங்கள் மிதிக்காமல் வாறதுக்கு ஆரோ முன்னமே மிதிச்சிருக்கிறான்" என்றாள் எங்களுள் ஒருத்தி.

"ஓமப்பா. ஆனால் அவன்ரை பேர் ஒரு கல்லிலையும் இல்லை" என்றான் மற்றவன்.

'மலை எங்கே போயிற்று?' என்ற கேள்விக்கு விடை அந்த இறக்கத்திலே கிடைத்தது. மலையை மனிதர்கள் சுமந்துகொண்டு போனார்கள். கூடை கூடையாக, பாறை பாறையாக, நாட்கூலிக்கு.

கால்வாயின் கதை இன்னும் பழையது. 1828 யூலை 4ஆந் திகதி, நாட்டின் அதிபர் ஜோன் குவின்சி அடம்ஸ் மண்வெட்டி பிடித்து அவ்வேலையைத் தொடக்கிவைத்தார். மண்வெட்டி வேரிலே தட்டியது. அவர் மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு மீண்டும் வெட்டினார், கூட்டம் ஆரவாரித்தது. அந்த ஒரு வெட்டு வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அதன் பின்னர் இருபத்திரண்டு ஆண்டுகள் வெட்டியவர்களுக்கு ஆரவாரம் இல்லை. அயர்லாந்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த கூலிகள் அவர்கள். 1832இல் வாந்திபேதி அவர்களிடையே புகுந்து வாரிக்கொண்டு போயிற்று. 1834இல், வேலையும் கூலியும் நிச்சயமற்றிருந்த நிலையில் அயர்லாந்துத் தொழிலாளரின் இரு பிரிவினரிடையே மோதல் மூண்டபோது, அதிபர் ஜாக்சன் இராணுவத்தை அனுப்பினார். தொழிலாளர் குழப்பத்தை அடக்க அந்நாட்டு மத்திய அரசு படை அனுப்பியது அதுவே முதன்முறை.

போ போ என்ற இடத்தில் 3,118 அடி நீளமான சுரங்கவழி ஒன்று இருக்கிறது. 1836இல் தொடங்கி 1850இல் முடிந்த அவ்வழியின் உட்புறத்தில் ஏறக்குறைய அறுபது இலட்சம் செங்கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. இடையிலே கம்பனியிடம் பணம் முட்டுப்பட்டது, கூலி நின்றது, வேலையும் நின்றது. உள்ளே விளக்கில்லை. வண்டிகளை உருட்டிக்கொண்டு ஒற்றை ஒழுங்கையாய் நடந்தோம். கைவிளக்கின் ஒளியில், ஒன்றன்மேல் ஒன்றாய் ஒழுங்கு குலையாத செங்கல் வரிசைகள் தெரிந்தன. கூலி நிச்சயமில்லாதவன் வைத்த கல்லும் நேராகவே நிற்கிறது. அக்கைகளின் நேர்மையை அச்சுவரிலே தொட்டுப் பார்க்கலாம். கால்வாய் கம்பர்லாந்தை அடைந்தபோது புகையிரதம் அங்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முடிந்த அன்றே பழசாகிப்போன கால்வாய், 1924இன் வெள்ளத்தோடு மூடப்பட்டது.

அக்கரையை அழித்து மோட்டார் வீதி அமைக்கும் திட்டம் பின்னர் எழுந்தது. 1954இல் உயர் நீதிமன்ற நீதியரசர் வில்லியம் டக்ளஸ், அத்திட்டத்தை ஆதரித்து எழுதிய பத்திரிகை ஆசிரியர்களைத் தம்முடன் நடந்து வந்து பார்க்குமாறு அறைகூவினார். 184.5 மைலையும் அவர் நடந்து முடித்தார். வீதித் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் கால்வாய் தேசியப் பூங்காவாயிற்று. நாங்கள் துய்த்த அழகைக் காத்துத் தந்ததும் ஒரு போராட்டமே. டக்ளஸின் பெயர் நிலைத்திருக்கிறது, நிலைக்கவும் வேண்டும். அவர் நடப்பதற்குக் கரையைக் கட்டிக் கொடுத்தவர்களின் பெயர்கள்தான் நிலைக்கவில்லை.

இது அமெரிக்காவின் கதை மட்டுமா? எங்கள் மலையகத்தில், தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தை இன்று உலகெங்குமிருந்து வந்து படம் பிடிக்கிறார்கள். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் ஏறிய கடுகண்ணாவைச் சரிவிலும் அழகு கொட்டிக் கிடக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்து அவ்வழியை வெட்டி, காய்ச்சலிலும் பேதியிலும் வீழ்ந்தவர்களை அப்படங்களில் எவர் தேடுகிறார்?

அழகை வெறுக்குமாறு நாம் எவருக்கும் சொல்ல வரவில்லை. அந்தப் பத்து நாட்களும் எங்கள் வாழ்வின் இனிய நாட்கள். உழைப்பவனுக்கும் ஓய்வு வேண்டும், ஆறும் இலையும் வேண்டும். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்கள் மிகுதி நேரத்தில் கேட்டதும் அதைத்தானே! நாம் கேட்பது சிறியது. டார் சுரங்கத்தில் மாண்ட 239 பேருக்கு இன்று ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. ஆகவே அது முடியாத காரியமன்று. பாதையோரத்தில் தூரம் காட்டக் கல் நடுகிறவர்கள், அப்பாதையை வெட்டியவர்களுக்காகவும் ஒரு கல் நடட்டும். அதன் முன்னே வண்டியை நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம்.