‘ஆஃப்’ என்றால் பாதி அல்ல

நம்ம ஆட்களுக்கு ஆங்கிலத்தில் பெரிய வார்த்தைகள் பிரச்சினையே இல்லைங்க. ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’ எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். வம்பு பண்ணுவதெல்லாம் ‘புட்’, ‘டேக்’, ‘கெட்’ மாதிரி பொடி வினைச்சொற்களும், அவற்றின் வாலில் தொங்கும் ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘அப்’ என்ற இன்னும் பொடிசுகளும்தான்.

‘புட் ஆன்’ என்றால் உடுத்து. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள். தமிழில் மூன்றுக்கும் மூன்று தனி வினை இருக்கிறது. அங்கே ஒரே ‘புட்’ தான், வால் மட்டும் மாறுகிறது.

இதோடு ‘ஹிம்’, ‘இட்’ சேர்ந்தால் இன்னும் கூத்து. ‘டர்ன் ஆஃப் த ஃபேன்’ சரி, ‘டர்ன் த ஃபேன் ஆஃப்’ என்பதும் சரி. ஃபேனுக்குப் பதில் ‘இட்’ வந்துவிட்டால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டும்தான் சரி. ‘டர்ன் ஆஃப் இட்’ கிடையாது. ஆனால் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பதை ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ என்று சொல்ல முடியாது. முதலாவதில் ‘ஆஃப்’ வினையோடு சேர்ந்த துண்டு, நடுவில் ஆளை விடும். இரண்டாவதில் ‘ஆஃப்டர்’ தன் பெயருக்கு முன்னால்தான் நிற்கும்.

நமக்கு இந்தத் தொல்லை இல்லை. தொல்காப்பியம் விளியோடு சேர்த்து எட்டு வேற்றுமை சொல்கிறது. அதை, அதற்கு, அதிலிருந்து... உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். வரிசை மாறினாலும் பொருள் மாறாது.

சரி, இதெல்லாம் இலக்கணப் பாடம்தானே என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் இது ஒரு ஆபரேஷனையே தள்ளிப்போட்டது.

அப்பாவுக்குப் புனேயில் ஹெர்னியா ஆபரேஷன் முடிவாகியிருந்தது. ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை ஒன்று வழக்கமாகச் சாப்பிடுகிறார். நான் வேலை விஷயமாகப் பெங்களூரில் இருந்தேன். டாக்டரிடம் போனது அம்மாவும் அப்பாவும்தான். அவர் அம்மாவிடம் சொன்னது: ‘டேக் ஹிம் ஆஃப் இட்.’ இதில் ‘ஹிம்’ அப்பா, ‘இட்’ மாத்திரை. அதாவது மாத்திரையை நிறுத்திவிடுங்கள். வேகமாகச் சொன்னால் ‘டேக்கிமாஃபிட்’ என்றுதான் காதில் விழும். அம்மாவுக்குப் பிடிபட்டது ‘டேக்’கும் ‘ஆஃப்’பும். நம்ம ஊரில் அரை டிக்கெட்டே ‘ஆஃப் டிக்கெட்’தானே! ஆகவே தினமும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறார்.

அட்மிஷன் அன்று நானும் கூடப் போனேன். நர்ஸ் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டாக்டர் வந்து, ‘வீ வில் ஹேவ் டு புட் இட் ஆஃப்’ என்றார். மறுபடியும் ‘ஆஃப்’! அம்மா முகம் வெளுத்துவிட்டது.

“தள்ளிப்போடறாங்கம்மா, அவ்வளவுதான். அடுத்த வாரம் பண்ணுவாங்க,” என்றேன்.

“பாதின்னுதான்டா சொன்னாரு... நான் படிச்சிருந்தா இப்படி ஆயிருக்குமா?” என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வாரம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த ரத்தம் நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் பகீர் என்கிறது.

அம்மா படிக்காததில் ஒன்றும் குறையில்லை. ‘ஸ்டாப் த டேப்லெட்’ என்று சொல்லியிருந்தால் அம்மாவுக்கு நன்றாகவே புரிந்திருக்கும். பொடி வார்த்தைகள் பேசுபவருக்குத்தான் எளிது, கேட்பவருக்கு இல்லை.

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து வைத்திருப்பவர்கள் இதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். டாக்டர் என்ன சொன்னாலும், “ஸ்டாப்பா, கன்டின்யூவா, எத்தனை மாத்திரை?” என்று திருப்பிக் கேட்கட்டும். பதிலைச் சீட்டில் எழுதி வாங்கட்டும். எங்கள் அம்மா இப்போது கைப்பையில் பேனா வைத்திருக்கிறார். டாக்டர் எழுதித் தராமல் எழுந்து வருவதில்லை.