தூக்கிய ஜீப்பும் ஆடிய ஸ்டியரிங்கும்

நல்லூரில் மலை கிடையாது. மணிமுத்தாற்று மணலை விட்டால் ஒரு ஜீப்புக்குச் சவால்விட அந்தப் பக்கம் பெரிதாக எதுவும் இல்லை. இருந்தும் அங்கிருந்து தினமும் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர், சேர்த்துவைத்த பணத்தையெல்லாம் போட்டு ஒரு பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப் வாங்கினார். ஊரே சிரித்தது. அவருக்குக் கவலையில்லை. பத்தாவது படிக்கும் பையனைக் கொழுக்குமலைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

கொழுக்குமலை தெரியாதவர்களுக்கு: தேனி மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம். இருப்பது தமிழ்நாட்டில், ஜீப் ஏறும் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. பாதை என்று சொல்வதே மரியாதைக்காகத்தான், பாறையும் பள்ளமும்தான் அதிகம்.

"அந்தப் பாதைக்கு இந்த உயரம் பத்தாதுண்ணே, தூக்கிரலாம்" என்றார் முதலில் பார்த்த மெக்கானிக். தூக்கினார்கள். பட்டை ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை, ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளுக்குப் பதில் நீளமான ஷாக்கிள், 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர். வண்டி யானைக்குட்டி மாதிரி நின்றது. பையன் போட்டோ எடுத்து வகுப்பு முழுக்கக் காட்டினான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஜீப்பின் அடியில் முதலில் பாறையில் இடிப்பது ஆக்ஸிலின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் அது ஒரு நூல்கூட உயராது. ஏனென்றால் ஆக்ஸில் நிற்பது டயரின் மேல், ஸ்பிரிங்கின் மேல் அல்ல. டயர் 2 அங்குலம் பெரிதானால் உருண்டை 1 அங்குலம் உயரும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கைத் தூக்குவது பெரிய டயர் உள்ளே இடிக்காமல் சுற்றவும், பாடி பள்ளத்தில் தட்டாமல் இருக்கவும்தான். பாதிப் பேருக்கு இது தெரியாமலேயே பணம் போய்விடுகிறது!

சரி, கதைக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பையனும் வேப்பூர் போய், சென்னை - திருச்சி நான்குவழிச் சாலையில் ஏறி, தொழுதூர் பக்கமாகச் சோதனை ஓட்டம் போனார்கள். ஸ்பீடாமீட்டர் 60 காட்டியது. (டயர் பெரிதானதால் உண்மையில் 64. மீட்டருக்கு டயர் மாற்றியது எப்படித் தெரியும்?) ஒரு பாலத்தின் இணைப்பில் டயர் 'தட்'டென்று ஏறி இறங்கியது. அடுத்த நொடி ஸ்டியரிங் இடமும் வலமுமாக வெட்ட ஆரம்பித்தது. இரண்டு கையாலும் பிடித்தும் நிற்கவில்லை. முன்பக்கமே கழன்று போகிறமாதிரி உதறியது. பின்னால் ஒரு ஆம்னி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பதறாமல் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினார். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான், வண்டி நின்ற பிறகும்.

வெளிநாட்டு ஜீப் பிரியர்கள் இந்த உதறலுக்கு 'டெத் வாபிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு முன்சக்கரமும் ஒரே உருட்டு ஆக்ஸிலில் இருக்கும் வண்டிகளில் வருவது இது. ஒரு சக்கரம் உதறினால் மற்றதையும் டை ராடு சேர்த்து இழுக்கும்.

இரண்டாவதாகப் பார்த்தவர் ஒரு வயதான லாரி மெக்கானிக். சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படுத்தவர் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் கேட்டார்: "தம்பி, சைக்கிள் முன் ஃபோர்க்கு ஏன் சாய்ஞ்சிருக்குன்னு தெரியுமா?"

விஷயம் அங்கேதான். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். ஜீப்பிலும் சக்கரம் திரும்பும் கிங் பின் லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். கேஸ்டர் என்பார்கள். சில டிகிரிதான், ஆனால் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது அதனால்தான். இந்த ஜீப்பில் ஷாக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருந்தது. அதை நீட்டியதும் முன்முனை இறங்கி, ஆக்ஸில் முன்பக்கமாகச் சுழன்று, இருந்த கேஸ்டரும் போய்விட்டது. கூடவே பழைய கிங் பின் பேரிங்கில் ஆட்டம், டை ராடு முனைகளில் ஆட்டம். சின்ன டயரில் இத்தனை நாள் ஒளிந்திருந்த வியாதியை, கனமான டயர் வெளியே கொண்டுவந்துவிட்டது.

அடுத்தது டிராக் லிங்க். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடு. பாக்ஸ் சேஸிஸில், சக்கரம் ஆக்ஸிலில். ராடு படுக்கையாக இருக்கும்வரை சக்கரம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பாதகமில்லை. சேஸிஸ் உயர்ந்து ராடு சரிவாகிவிட்டால், ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது சக்கரத்தைத் தள்ளும் அல்லது இழுக்கும். ஓட்டுகிறவர் திருப்பாமலே வண்டி திரும்பும்! இதற்குப் பாக்ஸில் மாட்டும் பிட்மன் ஆர்மைக் கீழே இறங்கியதாகப் போடலாம், அல்லது சக்கரத்துப் பக்க முனையை மேலே ஏற்றலாம். சில இடங்களில் ராடையே சூடுகாட்டி வளைத்துவிடுகிறார்கள். சூளையில் வேலை செய்கிறவருக்கு அதைக் கேட்டதுமே முகம் மாறியது. சூடு ஒரு பொருளை உள்ளே என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெக்கானிக் கடைசியில் காட்டியதுதான் வயிற்றைக் கலக்கியது. பிரேக் ஹோஸ். பழைய நீளமேதான். ஜாக்கி வைத்துச் சேஸிஸை உயர்த்தி ஆக்ஸிலை முழுதாகத் தொங்கவிட்டபோது ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. கொழுக்குமலைப் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கியிருந்தால்?

வேலை பத்து நாள் நடந்தது. கிங் பின் பேரிங், டை ராடு முனைகள் எல்லாம் புதிது. ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வடிவ இரும்புத் துண்டு வைத்துக் கேஸ்டரைத் திரும்ப வாங்கினார்கள். (ஆம், இந்த ஆப்பு நல்ல ஆப்பு. தடித்த பக்கத்தை மாற்றி வைத்தால்தான் கெட்ட ஆப்பு.) நீளமான பிரேக் ஹோஸ், இறங்கிய பிட்மன் ஆர்ம், நீளமான ஷாக் அப்சார்பர். "ஸ்டியரிங் டாம்பர் போட்டா உதறல் நிக்குமாமே?" என்று கேட்டதற்கு, "காய்ச்சலுக்கு மாத்திரை போட்ட மாதிரிதான் தம்பி, ஆட்டம் உள்ளேயேதான் இருக்கும்" என்று பதில் வந்தது.

ஸ்டியரிங் சரியானது. ஆனாலும் இரண்டு விஷயம் பாக்கி. ஒன்று, கவிழும் கணக்கு. இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலான அகலத்தில் பாதியை, எடைமையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு அகலம் 130 செ.மீ., உயரம் 65 என்றால் விடை 1. உயரம் 75 ஆனால் 0.87. எண் குறையக் குறைய வளைவில் கவிழ்வது சுலபம். எந்த ராடை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்னொன்று சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. பதினைந்து வயது தாண்டிய ஜீப்புக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். இவர் வண்டிக்கு அந்தத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் அவர்கள் கொழுக்குமலை போய்வந்தார்கள். திருச்சி, திண்டுக்கல், தேனி, போடிமெட்டு வழியாகச் சூரியநெல்லி வரை சொந்த ஜீப்பில், 50க்கு மேல் போகாமல். அங்கிருந்து உள்ளூர் ஜீப்பில்தான் ஏறினார்கள். புறப்படுமுன் மனிதர் அந்த ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்க்க, டிரைவர் சிரித்துவிட்டார். "உயரமா பாக்குறீங்க? வளைச்சா திரும்பணும், மிதிச்சா நிக்கணும், அம்புட்டுத்தாங்க." மேலே போகும் வழியெல்லாம் ஜீப் நடை வேகத்தில்தான் ஊர்ந்தது. பையன் முன் சீட்டில், கம்பியைப் பிடிக்காமல்.

ஊர் திரும்பிய அடுத்த வாரம் நீள ஷாக்கிள், கூடுதல் பட்டை, ஆப்பு, இறங்கிய பிட்மன் ஆர்ம் எல்லாம் கழன்றன. பழைய ஸ்பிரிங்கும் 29 அங்குல டயரும் திரும்ப ஏறின. புதுப் பேரிங்கும் டை ராடு முனைகளும் அப்படியே இருந்தன. ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது. அந்த நான்கு பெரிய டயர்களையும் விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். ஸ்டியரிங்கில் என்ன வேலை செய்திருக்கிறீர்கள் என்று இவர் கேட்டார். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்றார் வந்தவர். டயர்கள் இன்னும் கொல்லையில்தான் கிடக்கின்றன. ஒன்றில் கோழி அடைகாக்கிறது.