வேனை விட்டு இறங்கியவர்

பழைய தனுஷ்கோடியில் தார்ச்சாலை ஓரமாக வந்து நிற்கிறது அந்த வேன். முன்கண்ணாடியில் ஒட்டிய தாளில் 'ராயகிரி – ராமேஸ்வரம்' என்று ஸ்கெட்ச் பேனா எழுத்து. ராயகிரி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்; சிவகிரிக்குப் பக்கம். சங்கரன்கோவில் வட்டாரத்து ஆட்கள் ஆடி மாதம் திதி கொடுக்க ராமேஸ்வரம் வருவது வழக்கம்தான். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி முடித்தால் அடுத்தது தனுஷ்கோடி. ஈரச் சேலையும் துண்டும் வேன் ஜன்னலில் கட்டித் தொங்குகின்றன. தென்காற்றில் அவை பாதி காய்ந்துவிட்டன.

இடிந்த தேவாலயத்தின் சுவரோரம் கிடைத்த கொஞ்ச நிழலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கூரை இல்லை, கதவு இல்லை. பூச்சு உதிர்ந்த இடத்தில் கல் தெரிகிறது. மலையில் வெட்டிய கல் அல்ல, கடலில் எடுத்த பவளப்பாறை. வரிவரியாகவும் துளைதுளையாகவும் இருக்கும் அதன் உடம்பைத் தடவிப் பார்க்கிறார் வேனிலிருந்து இறங்கிய பெரியவர். எழுபதைத் தாண்டியிருப்பார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, தலையில் சுற்றிய துண்டு. கூடவே பேரன், பன்னிரண்டு வயது இருக்கும். புது ஷூ போட்டிருக்கிறான்.

"கல்லு உயிரோட இருந்திருக்குலே" என்கிறார் பேரனிடம். அவன் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறான்.

ஓட்டுநர் எல்லோருக்கும் பொதுவாக வரலாறு சொல்கிறார். 1964 டிசம்பர் 22 ராத்திரி, புயல், பாம்பனிலிருந்து வந்த ரயில் கடலோடு போனது, அதற்குப் பிறகு மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. நாலு வாக்கியத்தில் ஓர் ஊர் முடிந்துவிடுகிறது. போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி, இங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள் என்பதைச் சொல்லும்போது மட்டும் பெண்கள் கடலைத் திரும்பிப் பார்க்கிறார்கள். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து அந்தப் புயல் வரை ஐம்பது வருடம் ஓடிய வழி அது. தண்டவாளம் போன மேட்டில் இப்போது மணல்தான்.

"ஏறுங்க, ஏறுங்க. முனைக்குப் போயிட்டு அஞ்சு மணிக்குள்ள திரும்பணும்" என்று கதவைத் தட்டுகிறார் ஓட்டுநர்.

எல்லோரும் ஏறுகிறார்கள். பெரியவர் ஏறவில்லை.

"நீங்க போங்க. நான் நடந்து வாரேன்."

"மாமா, வெயிலு சுள்ளுன்னு அடிக்கி. இங்கன என்ன இருக்கு, வெறும் மணலு" என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள் மருமகள்.

"மலையேறுதவனுக்கு மணலு பெருசா, தாயி?"

பேரனும் குதித்து இறங்கிவிடுகிறான். வேன் புறப்பட்டுப் போகிறது. இங்கிருந்து அரிச்சல்முனைக்கு நாலரை கிலோமீட்டர். நானும் எழுந்து, அவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் நடக்கத் தொடங்குகிறேன்.

சாலையை விட்டுத் தெற்கே இறங்கினால் மன்னார் வளைகுடா. இந்த மாதங்களில் அது கொந்தளிக்கிற கடல். ஆண்கடல் என்கிறார்கள் இங்கே. வடக்கே பாக் நீரிணை, அது பெண்கடல். வடகிழக்குப் பருவம் வந்தால் குணம் மாறிவிடும். அப்போது வடக்கு சீறும், தெற்கு அடங்கும். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மணல் நாக்குதான் தனுஷ்கோடி. ராயகிரிக்காரருக்கு இந்தக் காற்று புதிதல்ல. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, குற்றாலத்துக்குக் கொஞ்சம் சாரலைத் தெளித்துவிட்டு வருகிற அதே பருவத்துக் காற்று. இங்கே வரும்போது அதனிடம் ஈரம் இருந்தும் மழை இல்லை. மணலைக் கிளப்பிக் கணுக்காலில் அடிக்கிறது.

முதல் நூறு அடியிலேயே பேரன் திணறுகிறான். காய்ந்த மணல் ஷூவை விழுங்குகிறது. மேட்டுப் பக்கம் ஏறிப் பார்க்கிறான். அங்கே உருண்டை உருண்டையாக முள்ளுப் புல். இராவணன் மீசை. பெயருக்கேற்ற விறைப்பு, கால்சட்டையைத் தாண்டிக் குத்துகிறது. "ஆத்தாடி" என்று இறங்கி ஓடிவருகிறான்.

பெரியவர் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார். அலை வந்து திரும்பிய இடத்தில், ஈரம் மின்னும் மணலில் கால் வைத்துப் பார்க்கிறார். கெட்டியாக இருக்கிறது. "தடம் இங்கன போகுதுலே" என்கிறார். மலையில் ஆடு பத்திப் போனவரோ, தேனெடுக்கப் போனவரோ, தெரியவில்லை. ஆனால் ஒத்தையடித் தடம் எங்கே போகும் என்று கால்தான் அவருக்குச் சொல்கிறது. அலை ஏறும்போது இரண்டடி மேலே, இறங்கும்போது இரண்டடி கீழே. வேட்டி நனையவில்லை.

மணலின் மேல் எழுதியிருப்பதை அவர் வாசித்துக்கொண்டே போகிறார். இது நாய். இது நண்டு, பக்கவாட்டில் ஓடியிருக்கு. இது மனுசன், சுமையோட போயிருக்கான், குதிங்கால் ஆழமா இறங்கியிருக்கு பாரு. பேரன் இப்போது ஷூவைக் கழற்றிக் கயிற்றை முடிச்சிட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறான். செல்போன் பைக்குள் போய்விட்டது.

அடம்பங்கொடி ஒன்று மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கிவருகிறது. ஆட்டுக்குளம்பைப் போல நடுவில் பிளந்த இலை, ஊதாப் பூ. ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொடி இருக்கிற இடத்தில் மேடு நிற்கிறது. வண்டி ஏறி நசுக்கிய இடத்தில் மேடு காற்றோடு போய்விட்டது. ஒரு சக்கரத் தடத்தின் அகலத்துக்குப் பள்ளம்.

பாதி வழியில் குடிசைகள். பனையோலைக் கூரை, கிடுகுச் சுவர், கூரை பறக்காமலிருக்கப் பழைய வலையைப் போர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அரசு கைவிட்ட ஊரை மீனவர்கள் கைவிடவில்லை. குடிசைகளுக்குப் பின்னால், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் ஒரு குழி. குனிந்து உட்கார்ந்தால் கை எட்டும் ஆழம். ஓர் அம்மா அதன் விளிம்பில் உட்கார்ந்து சிரட்டையால் தண்ணீரை மொண்டு பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றுகிறார். அவசரமே இல்லை. மொண்டதும் ஊறக் காத்திருக்கிறார். கலங்கல் அடங்கியதும் மறுபடி மொள்ளுகிறார்.

பெரியவர் நின்றுவிட்டார்.

"குடிக்கிற தண்ணியாம்மா?"

"குடிங்களேன் அய்யா." சிரட்டை நீள்கிறது.

கையை ஏந்தி வாங்கிக் குடிக்கிறார். முகம் மாறுகிறது. பேரனுக்கும் கொடுக்கச் சொல்கிறார். அவன் முதலில் நாக்கு நுனியால் தொட்டுப் பார்க்கிறான், பிறகு மடமடவென்று குடிக்கிறான்.

"இன்னும் ஆழமாத் தோண்டுனா நெறய வருமே தாயி?"

"தோண்டுனா உப்பு ஏறிடும்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. நிலத்தடி நீர்ப் பாடம் முழுவதும் அதில் அடக்கம். மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலாக எடுத்தால் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு ஆழம் போனால் கீழே இருக்கும் கடல் மேலே வந்துவிடும். மோட்டார் போட்டு உறிஞ்சினாலும் அதே கதைதான். சிரட்டையின் அளவும் அந்தப் பெண்ணின் பொறுமையும் சேர்ந்துதான் இந்தத் தீவின் முனையில் மனிதர்களைக் குடியிருக்க வைத்திருக்கின்றன.

அங்கிருந்து சாலையைக் குறுக்கே தாண்டினால் வடகடல். ஐந்து நிமிட நடை. காற்றின் இரைச்சல் பாதியாகக் குறைகிறது. குளத்தைப் போல் அசையாமல் கிடக்கும் தண்ணீரில் கரைவலை இழுக்கிறார்கள். வள்ளம் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு முனைக் கயிற்றையும் இரண்டு வரிசையாக நின்று இழுக்கிறார்கள். இடுப்பில் கயிற்றைக் கோத்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு காலை ஊன்றி, மறு காலை எடுத்து வைத்து. கடைசியில் இருப்பவர் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடி மறுபடி தலைவரிசையில் நிற்கிறார். முன்னும் பின்னுமாக அந்த ஐம்பது அடியை எத்தனை தரம் நடக்கிறார்கள்! இந்தக் கரையில் அதிகம் நடப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

பெரியவர் யாரையும் கேட்கவில்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

"பெரியவரே, இடுப்புல கட்டிக்காதீங்க. கையில பிடிச்சாப் போதும்" என்கிறார் ஒருவர், திரும்பாமலே.

பேரனும் பிடிக்கிறான். இரண்டு வரிசையும் நெருங்கி நெருங்கி வந்து ஒன்றாகின்றன. வலையின் மடி கரையேறுகிறது. எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். கொஞ்சம் சாளை, கொஞ்சம் காரல், நாலைந்து நண்டு, ஒரு கணவாய், நிறைய பாசி. ஜெல்லிமீனைத் தனியே எடுத்து எறிகிறார்கள். யாரும் குறை சொல்லவில்லை. இத்தனை பேருக்குப் பங்கு பிரித்தால் ஆளுக்கு என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு கை சாளையை அள்ளி நீட்டுகிறார் ஒருவர். இழுத்தவனுக்குப் பங்கு உண்டு என்பது கரைவலை வழக்கம்.

"இன்னைக்கு ஆகாதுய்யா. அப்பாவுக்குத் திதி கொடுத்திருக்கேன்" என்று கும்பிடுகிறார் பெரியவர். மீனை நீட்டியவர் புரிந்துகொண்டு அதைக் கூடையில் போட்டுவிட்டு, பேரன் கையில் ஒரு வெள்ளைச் சிப்பியை வைக்கிறார்.

பூநாரைகளைக் காணோம். பனிக்காலத்தில்தான் அவை வந்து இந்தப் பக்கத்து ஆழமில்லாத நீரில் நிற்கும். அவற்றுக்காக இந்தப் பகுதியைச் சரணாலயமாக 2025 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. இப்போது ஓரிரு கொக்குகள் மட்டும்.

அரிச்சல்முனை. சாலை வட்டமடித்துத் திரும்பும் இடம், நடுவே அசோகத் தூண். கார்கள், வேன்கள், சங்கும் பாசிமாலையும் விற்பவர்கள், மாங்காய்க் கீற்று, செல்ஃபி. ராயகிரி வேன் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. படம் எடுத்து முடித்து, சுண்டலும் தின்று முடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டுநர் ஹாரனை அழுத்துகிறார்.

"எங்க போனீக மாமா? நாங்க பயந்தே போயிட்டோம். அப்படி என்னத்தப் பாத்தீக?"

"தண்ணி பாத்தேன், தாயி."

இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துவிட்டு மருமகள் சிரிக்கிறாள். வேன் திரும்பிப் போகிறது.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை 2017இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு மணலிலும் சேற்றிலும் ஓடுகிற வேன்களில் குலுங்கிக்கொண்டு வரவேண்டும், இல்லையென்றால் நடக்கவேண்டும். சாலை மீனவர்களுக்கு நல்லது செய்திருக்கிறது. பிடித்த மீன் அழுகாமல் ராமேஸ்வரம் போய்ச் சேர்கிறது, நோயாளியைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓட வேண்டியதில்லை. அதைக் குறை சொல்பவன் இந்தக் கரையில் வாழாதவன். ஆனால் பார்க்க வருகிறவர்களுக்கு அதே சாலை இந்தக் கடற்கரையைப் பத்து நிமிடக் காட்சியாகச் சுருக்கிவிட்டது. ஊற்றையும் கரைவலையையும் அடம்பங்கொடியையும் கண்ணாடிக்கு வெளியே விட்டுவிட்டு, ஒரு தூணைச் சுற்றித் திரும்பிவிடுகிறார்கள்.

இப்படி வறண்ட தீவுகள் உலகில் வேறு இடங்களிலும் உண்டு. கரீபியக் கடலில் அரூபா, கள்ளியும் சுண்ணாம்புப் பாறையுமான தீவு. அங்கே அரிக்கோக் தேசியப் பூங்காவில் நடப்பதற்கென்றே தடங்களை ஒதுக்கி, நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நெடுந்தீவில் பவளக்கல் வேலிகளுக்கு நடுவே நடந்துதான் அந்தத் தீவை அறிய முடியும். தனுஷ்கோடியில் புதிதாகத் தடம் வெட்டக்கூடத் தேவையில்லை. ஈர மணலைக் கடல் தினமும் போட்டுவைக்கிறது. மேட்டின் மேல் வண்டி ஏறாமல் தடுத்து, வழியில் ஓரிரு இடங்களில் பனையோலை நிழல் போட்டால் போதும்.

அடுத்த முறை ராமேஸ்வரம் போகிறவர்கள் பழைய தனுஷ்கோடியில் வண்டியை விட்டு இறங்குங்கள். காலை வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். தலைக்குத் துண்டும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும். ஊற்றில் குடிப்பதென்றால் கேட்டுக் குடியுங்கள், கை கழுவாதீர்கள். முனையில் நீரோட்டம் இழுக்கும், கடலில் இறங்க வேண்டாம். பவளத் துண்டை எடுத்துப் பையில் போடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். கொண்டுபோன பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கால் வலித்தால் முனையிலிருந்து திரும்பிவர அரசுப் பேருந்து இருக்கிறது. முழுதாக ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. நடந்துவிடலாம்.