இரவு 11.40க்குக் கூவிய காய்கறிக்காரர்

தாராவியில் நான் பதிவுசெய்த உரையாடல் ஒன்றின் கோப்புப் பெயர் அது இரவு 11.40க்குத் தொடங்கியது என்றது. பதிவின் பின்னணியிலோ காய்கறி விற்பவர் ஒருவர் நிதானமாகக் கூவிக்கொண்டு போகிறார். கடந்த மாதம் ஒரு பிற்பகலில் அதைக் கேட்டபோது, என் ஆய்வேட்டின் நான்காம் இயல் சரியத் தொடங்கியது.

அந்த இயலின் வாதம் இதுதான். திருநெல்வேலியிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த ஆச்சி ஒருவரின் பேச்சில், மாலை 4 மணிக்குப் பின் இந்திச் சொற்கள் குறைகின்றன. பள்ளியிலிருந்து திரும்பும் பேரக்குழந்தைகளின் காதில் தமிழ் விழவேண்டும் என்று அவர் கருதுவதே காரணம் என எழுதியிருந்தேன். அழகான விளக்கம். கருத்தரங்கு ஒன்று அதன் சுருக்கத்தை ஏற்றும்கொண்டது.

பிழை மடிக்கணினியின் கடிகாரத்தில் இருந்தது. இன்னும் நேர்மையாகச் சொன்னால், அந்தக் கடிகாரத்தை நான் படித்த விதத்தில் இருந்தது.

கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று, இயங்குதளம் விழித்திருக்கும்வரை மட்டும் ஓடுவது. மற்றொன்று வன்பொருள் கடிகாரம். கணினியை அணைத்தபின்னும் சிறு மின்கலத்தின் துணையால் ஓடிக்கொண்டிருப்பது. அதிலுள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று கிடைக்கும். அதுவே ஒரு நொடி. 1984இல் வந்த ஐ.பி.எம். பி.சி./ஏ.டி. கணினியில் மோட்டோரோலா நிறுவனத்தின் சில்லு இவ்வேலையைச் செய்தது. இன்றைய கணினிகளும் பெரும்பாலும் அதன் வழக்கத்தையே பின்பற்றுகின்றன. 70 என்ற பதினறும எண்ணுடைய வாயிலில் எந்த அறை வேண்டும் என்று எழுதி, 71இல் அதன் உள்ளடக்கத்தைப் படிக்கவேண்டும். சுழியாம் அறையில் நொடி, இரண்டில் நிமிடம், நான்கில் மணி, ஏழில் நாள், எட்டில் மாதம், ஒன்பதில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள்.

படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கடிகாரம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் கணத்தில் கைவைத்தால் பழைய நிமிடமும் புதிய நொடியும் கலந்து வரக்கூடும். அதனால் ‘புதுப்பித்தல் நடக்கிறது’ என்று காட்டும் ஒரு துணுக்கை முதலில் பார்க்கவேண்டும். நேரத்தை எழுதும்போதோ புதுப்பித்தலையே நிறுத்திவைத்து, எழுதி முடித்தபின் மீண்டும் ஓடவிடவேண்டும்.

இத்தனை அறைகளில், ‘இந்த நேரம் எந்த ஊருடையது’ என்பதற்கு ஓர் அறை இல்லை. மொழியியல் படித்தவனுக்கு இது உறைத்திருக்கவேண்டும். ‘இப்பொழுது’ என்னும் சுட்டுச்சொல்லைச் சொன்னவர் யார், எங்கிருந்து சொன்னார் என்பது தெரியாமல் பொருள்கொள்ள முடியாது என்று இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான்.

என் கணினியில் இரண்டு இயங்குதளங்கள். பதிவுகளுக்கு லினக்ஸ், பல்கலைக்கழகப் படிவங்களுக்கு விண்டோஸ். வன்பொருள் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் கொள்கிறது. லினக்ஸ் வழக்கமாக அதை உலகப் பொது நேரம் என்று கொள்கிறது. அந்த முடிவும் கடிகாரத்துக்குள் இல்லை. ‘அட்ஜ்டைம்’ என்னும் சிறு உரைக்கோப்பின் மூன்றாம் வரியில் இருக்கிறது. விடுதியில் இணையம் கிடைத்ததும் லினக்ஸ் தன் நேரத்தைச் சரிசெய்துகொண்டு, பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை வன்பொருள் கடிகாரத்திலும் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். பிறகு விண்டோஸைத் திறந்தால் நேரம் ஐந்தரை மணி பின்தங்கியிருக்கும். நான் மின்கலத்தைத் திட்டிக்கொண்டே கையால் திருத்துவேன். (புதிய மின்கலமும் வாங்கிப் போட்டேன். பழையதில் ஒரு குறையும் இல்லை.) அடுத்த நாள் இணையமின்றித் தாராவியில் லினக்ஸைத் திறந்தால், நான் திருத்திவைத்த உள்ளூர் நேரத்தை அது உலகப் பொது நேரமாகப் படித்து, அதன்மேல் ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளும். காலை 11 மணிப் பேச்சு மாலை 4.30க்கு நிகழ்ந்ததாகக் கோப்பில் ஏறிவிடும். மாலை 6.10, இரவு 11.40 ஆகும்.

ஆக, நான் ‘மாலைப் பேச்சு’ என்று எண்ணியவற்றில் பல, பேரக்குழந்தைகள் வீட்டிலேயே இல்லாத முற்பகல்கள். அப்போது ஆச்சியுடன் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர் ஊரைச் சேர்ந்த அண்டைவீட்டுப் பெண்கள். இந்தி குறைந்ததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

தொலைபேசியில் ஆச்சியிடம் இதைச் சொன்னேன். “ஏய்யா, நடுராத்திரியில ஒன்ன எங்க வீட்டுக்குள்ள எவன் விட்டான்?” என்று கேட்டுச் சிரித்தார். கருத்தரங்குக்கு எழுதிச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். என் நெறியாளர் அதிகம் பேசவில்லை. எல்லாப் பதிவுகளையும் மீண்டும் கேட்கச் சொன்னார்.

கேட்டேன், 46 பதிவுகளையும். கணினியின் நிகழ்வுக் குறிப்புகளில் நேரம் திடீரெனப் பின்னோக்கித் தாவிய இடங்கள் சிலவற்றுக்கு விடை தந்தன. பழைய குறிப்புகள் அழிந்துபோயிருந்தன. அங்கெல்லாம் காதே கருவி. குழாயில் தண்ணீர் வரும் இரைச்சல், குக்கர் விசில், பள்ளிவாசலின் பாங்கு, வாசலில் பை விழும் ஓசையோடு சிறுவன் ஒருவன் பசி என்று சொல்வது. ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்தேன்.

இப்போது இரு இயங்குதளங்களும் கடிகாரத்தை உலகப் பொது நேரமாகவே படிக்கும்படி செய்துவிட்டேன். விண்டோஸின் பதிவகத்தில் ஒரு மதிப்பை மாற்றினால் போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாளையும் மணியையும் ஊரையும் வாய்விட்டுச் சொல்கிறேன். பழைய பதிவுகளில் ஏழுக்கு மட்டும் எந்த ஓசையும் உதவவில்லை. அட்டவணையில் அவற்றின் நேரக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.