நான் போடாத ரிலே

ரிலே போடாமல் விட்டது மறதியால் அல்ல. ஒரு பையன் போடச் சொன்னான், அதனால் போடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், நடுவில் வரும் காரணங்களை எல்லாம் நீங்கள் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

தென்மத்திய ரயில்வேயின் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செகந்திராபாத் பத்மராவ் நகரில் வீடு. ஸ்கந்தகிரி கோவிலுக்கு நடந்தே போய்விடலாம். என்னிடம் 1998ஆம் வருட மாருதி 800 ஒன்று இருக்கிறது. ஏ.பி. 10 என்று தொடங்கும் எண். மாநிலம் பிரிந்து டி.எஸ். வந்தது, பிறகு டி.ஜி. வந்தது. என் வண்டி மட்டும் பழைய எண்ணோடு, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓடுகிறது. அதிலும் எனக்குப் பெருமைதான். மெக்கானிக் கையே படாமல் ஓட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்வேன்.

அதன் ஹார்ன் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பினால் அடிக்கும். நேராக வைத்தால் ஊமை. இந்த அறிகுறி ஒன்றே போதும், கோளாறு ஹார்னில் இல்லை என்று சொல்ல. ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுற்றும் பித்தளை வளையம் ஒன்று உண்டு. அதை ஒரு தொடுமுனை உரசிக்கொண்டே இருக்கும். அந்த முனை தேய்ந்தாலோ வளையத்தில் கறுப்பு படிந்தாலோ இப்படித்தான் ஆகும். சந்தேகம் தீர, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை நேராக ஹார்னுக்குக் கொடுத்தேன். கணீரென்று அடித்தது. வளையத்தைத் துடைத்து முனையை மாற்றியதோடு நிறுத்தியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

எனக்கு அது போதவில்லை. பெரிய சத்தம் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஹைதராபாத் சாலையில் மாருதி 800 ஹார்னுக்கு யாரும் ஒதுங்குவதில்லை. ஒரு நாள் சிக்னலில் பக்கத்து பைக்காரன் என் ஹார்னைக் கேட்டுச் சிரித்தான். அவ்வளவுதான் காரணம். இதைவிடக் கௌரவமான காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

ராணிகஞ்சுக்குப் போனேன். கடைக்காரர் முதலில் ராகம் பாடும் ஹார்ன் ஒன்றை எடுத்துக் காட்டினார். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, அதில் 119ஆம் விதி, மாறி மாறிப் பல சுருதியில் ஒலிக்கும் ஹார்ன் கூடாது என்று அவருக்கு வகுப்பெடுத்தேன். சட்டம் தெரிந்தவன், சட்டத்தை மதிக்கிறவன் என்ற நினைப்பு. கடைசியில் கோயம்புத்தூரில் செய்த ஹை-லோ ஜோடி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். அதில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை.

எங்கள் தெருமுனையில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்த பையன் என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தான். "பினா ரிலே நக்கோ சாப்" என்றான். ரிலே இல்லாமல் வேண்டாம் ஐயா என்று. பழைய ஒயரிங்கில் ஹார்னின் கரண்ட் முழுவதும் ஸ்டியரிங் பட்டன் வழியாகத்தான் போகிறது, இரண்டு ஹார்ன் போட்டால் பத்து ஆம்பியர் பக்கம் வரும், பட்டனின் காண்டாக்ட் கருகிவிடும் என்று விளக்கினான். ஒரு எழுத்துத் தப்பில்லை. ஆனால் பக்கத்தில் இரண்டு ஆட்டோக்காரர்கள் நின்றிருந்தார்கள். எங்கள் மாடிவீட்டுக்காரரும் நின்றிருந்தார். அவர்கள் முன்னால் ஒரு பையன் எனக்கு ரிலே பாடம் நடத்துகிறான்.

"நீ பிறக்கும் முன்பே ரிலேயோடு குடித்தனம் நடத்தினவன் நான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

நான் சொன்னது உண்மை. உண்மையாக இருப்பதுதான் என் குற்றத்தைப் பெரிதாக்குகிறது. ரயில்வே சிக்னலில் க்யூ வகை ரிலே என்று உண்டு. அதன் காண்டாக்டில் ஒரு முனை வெள்ளி, எதிர்முனை வெள்ளி ஏற்றிய கார்பன். இரண்டும் உலோகமாக இருந்தால் பொறி பட்டு உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் பச்சையிலேயே நின்றுவிடும். அப்படி நடக்கவே கூடாது என்பதற்காகத்தான் கார்பன். செகந்திராபாத் இரிசெட் பயிற்சி நிலையத்தில் படித்தது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தது. காண்டாக்ட் ஒட்டுவது என்றால் என்ன என்று அந்தத் தெருவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

அன்று மாலையே இரண்டு ஹார்னையும் பழைய ஒயரிலேயே இணைத்தேன். அடித்துப் பார்த்தேன். தெருவே திரும்பிப் பார்த்தது. சில நாளில் ஃபியூஸ் போனது. அதைவிடப் பெரிய ஃபியூஸ் ஒன்றைப் போட்டேன். வேலையில் இருந்தபோது என் கீழ் ஒருவன் அப்படிச் செய்திருந்தால் சார்ஜ் ஷீட் கொடுத்திருப்பேன்.

இனி சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு காலை, பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஹார்ன் அரை நொடி அடித்து நின்றது. நான் கேட்டேன். ஹார்னுக்குள் ஒரு மின்காந்தச் சுருள் இருக்கிறது. நொடிக்கு 300, 400 முறை அதன் மின்சாரம் வெட்டி வெட்டிப் போகும். விரலை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் பட்டனுக்குள் ஒரு பொறி. அந்தப் பொறி உலோகத்தைக் குழியாக்கி, உருக்கி, ஒட்டவைக்கிறது. ஒட்ட ஆரம்பித்துவிட்டது என்று அறிவு சொன்னது. சரிசெய்தால் வண்டியைத் தெருவில் பிரித்துவைத்து ரிலே பூட்ட வேண்டும், அந்தப் பையன் பார்ப்பான் என்று மானம் சொன்னது. மானத்தின் பேச்சைக் கேட்டேன். இன்னும் சில நாள் ஓடட்டும் என்று விட்டேன்.

ஆலுகட்டபாவி ரயில் பாலத்தடியில் நெரிசல். எனக்கு முன்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண், பின்னால் அவருடைய மகள். நான் பட்டனை அழுத்தினேன். அழுத்த வேண்டிய தேவையும் இல்லை. எடுத்தேன். ஹார்ன் நிற்கவில்லை. பாலத்தடியில் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கும். அவர் பதறிப் பிரேக்கை அழுத்தினார், ஸ்கூட்டர் சரிந்தது, வலது கையை ஊன்றி விழுந்தார். மகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. ஃபியூஸ் பெட்டி என் முழங்காலுக்குப் பக்கத்தில். ஃபியூஸைப் பிடுங்கியிருந்தால் நின்றிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. பானெட்டைத் திறந்து, பேட்டரியைக் கழற்றப் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தேன். ஓர் ஆட்டோக்காரர் வந்து ஹார்ன் ஒயரைக் கையாலேயே பிய்த்து எறிந்தார்.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ கேட்டார்கள், என்ன ஹார்ன் இது என்று. யோசிக்காமல் பதில் வந்தது: "எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் பையன் செய்த வேலை." கடை எங்கே என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். கூட்டம் என்னை விட்டுவிட்டது. போலீஸுக்கும் போகவில்லை. அனாவசியமாக ஹார்ன் அடித்தால் ஆயிரம் ரூபாய் என்று 2019இல் சட்டம் திருத்தியிருக்கிறார்கள், பிரிவு 194எஃப். அந்த ஆயிரம் ரூபாயிலிருந்துகூட நான் தப்பித்துவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. வீட்டில் ஜாக்கெட் தைத்துச் சம்பாதிக்கிறவர். கல்யாண மாதம். வாங்கி வைத்திருந்த துணிகளை எல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று மாலையே அவர் கணவரும் கொழுந்தனும் பையனின் கடைக்குப் போனார்கள். மாடிவீட்டுக்காரரின் மகள் வந்து சொன்னாள்: "மாமா, அந்த எலக்ட்ரீஷியன் அண்ணாவை அடிச்சுட்டாங்க." நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. "வேலை தெரியாதவன் கடை வைத்தால் அப்படித்தான்" என்றேன். பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொண்டாலும், இதை வீட்டுக்குள் உட்கார்ந்து, யாரும் கேட்காமல் சொன்னேன்.

அவன் அந்த வண்டியைத் தொடவே இல்லை என்று சொல்லியிருக்கிறான். ரயில்வேயில் இருந்த பெரியவர் சொல்லையா, அவன் சொல்லையா? எங்கள் குடியிருப்பில் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். சில மாதத்தில் கடையைக் காலி செய்துவிட்டான்.

நான் ஒரு ராத்திரி கேட்டைப் பூட்டிக்கொண்டு ரிலே பூட்டினேன். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு 30ஆம் முனைக்கு ஒரு ஒயர், 87இலிருந்து ஹார்னுக்கு, பழைய ஹார்ன் ஒயர் இரண்டும் 85, 86க்கு. அரை மணி நேர வேலை. இப்போது பட்டன் வழியே போவது ரிலே சுருளுக்கு வேண்டிய சொற்பக் கரண்ட்தான். அவன் சொன்னபடியேதான்.

அந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தேன். என்னை நல்ல மனிதர் என்றார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன், அந்தப் பெயரையும்.

போன மாதம் அந்தப் பெண்ணின் கணவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்படியென்றால் நாங்கள் அடித்தது யாரை?" என்று கேட்டார். அந்தப் பையனின் நம்பர் இருக்கிறதா என்றார். இருந்தது, கொடுத்தேன். அவர் கூப்பிட்டுப் பேசினாராம். நான் இன்னும் கூப்பிடவில்லை.